தலைவர் விரலில் சிவப்பு மை

"மெதுவாப் பேசும்மா... வெளியில கேட்கும்."

"கேக்கட்டும் சார். அதுக்குத்தானே கத்துறேன்."

"உனக்கு என்னதான் வேணும்?"

"என் பேப்பரைத் திருத்துங்க. இப்பவே."

"முடியாது."

விடைத்தாள் அறை. ஜன்னல் கிடையாது. கூரை வரை காகிதக் கட்டுகள். ஒரே ஒரு கதவு...

அதற்கு வெளியே பூட்டு!

உள்ளே இரண்டு பேர்.

ஒருவர் பேராசிரியர், வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியர் சங்கத்தின் தலைவர். "விடைத்தாளைத் தொடுறவன் துரோகி" என்று காலையில்தான் பல்கலைக்கழக வாசலில் மைக்கைப் பிடித்து முழங்கியவர். இப்போது அவர் கையில் சிவப்புப் பேனா.

இன்னொருத்தி கடைசி வருட மாணவி. எங்கள் தெருவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

தலைவர் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு 'பேச்சுவார்த்தை' என்று காணாமல் போவார். திரும்பி வரும்போது விரல் நுனியில் சிவப்பு மை. ஊரே அவர் பேச்சைக் கேட்டது. வாயாடி விரலைப் பார்த்தாள்.

நேற்றுப் பின்னாலேயே வந்து இடத்தைப் பார்த்துக்கொண்டாள். இன்று அட்டெண்டர் கதவைத் திறந்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன இடைவெளியில், தலைவருக்கு முன்பே உள்ளே நழுவி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தாள். தலைவர் வந்து உட்கார்ந்ததும் அட்டெண்டர் வழக்கம்போல் வெளியே பூட்டிவிட்டுப் போனார். பூட்டுத் தொங்கினால் யாருக்கும் சந்தேகம் வராதாம். தலைவரின் சொந்த மூளை.

"எதுக்கு சார் இந்தத் திருட்டுத்தனம்?"

"ஸ்ட்ரைக் முடிஞ்ச கையோட உங்க ரிசல்ட் வரணும்மா. எங்க சண்டை நிர்வாகத்தோட. நீங்க என்ன பாவம் பண்ணீங்க?"

"ஹாஸ்டல்ல அடுப்பை அணைச்சுட்டாங்க. பாதிப் பேர் மூட்டை கட்டிட்டாங்க. இந்தப் பாவத்தை மைக்ல சொல்லியிருக்கலாமே?"

தலைவர் பேனா மூடியைத் தேடினார்.

"கப்பல் கம்பெனில வேலை சார். பாஸாயிட்டேன்னு இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள காட்டலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். வேலை இல்லேன்னா அத்தை பையனுக்குக் கழுத்தை நீட்டணும். அப்பா வாக்கு குடுத்துட்டாரு."

"பையன் மோசமா?"

"ரொம்ப நல்லவரு. அதான் தப்பிக்க வழியே இல்ல."

செல்போனை எடுத்தாள். "சங்கத்துக்குப் போன் போடட்டுமா? தலைவர் என்ன பண்றாருன்னு வந்து பாக்கட்டும்."

தலைவர் வெளிறினார்.

அப்போதுதான் வெளியே விசில் சத்தம். ஓடும் கால்கள். வாயாடியின் செல்லில் தோழியின் செய்தி மின்னியது.

"போலீஸ் சார்... வாசல்ல இருந்த எல்லாரையும் வேன்ல ஏத்திட்டாங்களாம். அட்டெண்டரையும்."

"ஐயையோ. சாவி அவன் இடுப்புலதான் இருக்கு."

தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது... நின்றது.

யாரோ பூட்டை ஆட்டினார்கள்.

வாயாடி வாயைத் திறந்தாள். ஒரு சத்தம் போதும். கதவு உடையும், இவள் வெளியே போகலாம், தலைவர் மானம் காற்றில் போகும். ஆனால் பேப்பர் இன்னும் திருத்தியாகவில்லையே.

வாயை மூடிக்கொண்டாள். அது எங்கள் தெரு அறியாத அதிசயம்.

"பூட்டியிருக்கு சார்," என்றது ஒரு குரல். பூட்ஸ்கள் நகர்ந்தன.

"நான் கத்தல," என்றாள் கிசுகிசுப்பாக. "இப்பத் திருத்துங்க."

தலைவர் கட்டைப் பிரித்தார். தேடி எடுத்தார். சிவப்புப் பேனா நகர்ந்தது... தயங்கியது... கடைசிப் பக்கத்தில் நின்றது. கூட்டினார். மறுபடியும் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார்?"

"தேறலம்மா."

"சரியாக் கூட்டுங்க சார்."

"கூட்டிட்டேன். கடைசிக் கேள்விக்கு நீ பதிலே எழுதல."

"நேரம் பத்தல. கொஞ்சம் பாத்துப் போடுங்களேன்."

"சங்கத்துக்குத் துரோகம் பண்ணிட்டேன். படிப்புக்கும் பண்ணச் சொல்லாத."

வாயாடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செல் அலறியது. கப்பல் கம்பெனி!

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?" ஒரு பெண் குரல். ஆள் எடுக்கும் அதிகாரி. "எல்லா எடத்துலயும் ஸ்ட்ரைக்கா இருக்கு. அதனால எங்க கம்பெனி மனசு மாறிடுச்சு. ரிசல்ட் வராதவங்க நாளைக்கே சேரலாம். அப்புறம் ஃபெயிலானாலும் திரும்ப எழுதிக்கலாம். ஆனா ஏற்கெனவே ஃபெயிலானவங்களை மட்டும் எடுக்கிறதில்ல."

வாயாடி தலைவரைப் பார்த்தாள். தலைவர் சிவப்புப் பேனாவைப் பார்த்தார்.

"இன்னும் வரல மேடம்," என்றாள்.

தலைவர் பேப்பரைக் கட்டுக்கு அடியில் செருகினார்.

"ஸ்ட்ரைக்கை மட்டும் உடனே முடிச்சுடாதீங்க சார்."

"மத்த பசங்க என்ன ஆவாங்க?"

வாயாடி செல்லை எடுத்துப் பையில் போட்டாள்.

சாயந்திரம் அட்டெண்டரைப் போலீஸ் விட்டது. கதவு திறந்தது. மறுநாள் காலை இவள் பெட்டியோடு கம்பெனி வாசலில் நின்றாள். அன்று மாலையே வேலைநிறுத்தம் முடிந்தது. அடுத்தடுத்து ரிசல்ட்டும் வந்தது. இவ்வளவு வேகமாக எப்படித் திருத்தினார்கள் என்று பத்திரிகைகள் வியந்தன.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் பதவியை விட்டு வேறு ஊர்க் கல்லூரிக்குப் போய்விட்டார். அத்தை பையன் அட்டெண்டரின் தங்கையைக் கட்டிக்கொண்டார். வாயாடி திரும்ப எழுதித் தேறினாள். போன மாதம் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை, போனில் பேசிய அந்த மேடத்தின் தம்பி. கூட்டுக் குடும்பம்.

மேலதிகாரியிடம் உண்மையை மறைத்தவர்கள் ஊரில் ஏராளம். மறைத்த பிறகு அவரையே நாத்தனாராக்கிக்கொண்டு, ஆயுசுக்கும் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டவள் எங்கள் தெருவில் இவள் ஒருத்திதான்!