மூன்று பேருக்கு மூன்று காரணம்

வேன் மாமாவின் வண்டியில் பதினொரு பிள்ளைகள். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் அவர் வண்டியை எடுப்பார். வளைவு வந்தால் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறமும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பின்னால் வரும் சைக்கிள்காரர்கூட மணியடித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்.

செவ்வாய்க்கிழமை மாலை வண்டி அதைவிடவும் மெதுவாகப் போனது.

"என்ன மாமா, வண்டிக்குத் தூக்கம் வருதா?" என்று முன் சீட்டிலிருந்து வக்கீல் கேட்டாள்.

வக்கீல் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் பல் தேய்க்கச் சொன்னால்கூட ஏன், எதற்கு, எத்தனை தடவை என்று வாதாடுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? வீட்டிலும் பள்ளியிலும் அவள் வக்கீல்தான்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "நீயே படி."

பள்ளியிலிருந்து வந்த கடிதம். இந்த மாதம் ஒன்பது நாள் வேன் தாமதம். வெள்ளிக்கிழமை மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு கூடி முடிவு எடுக்கும். தேவைப்பட்டால் திங்கட்கிழமை முதல் வேறு வண்டி வைத்துக்கொள்ளப்படும்.

"நாம நிஜமாவே லேட்டாவா போறோம் மாமா?"

"எட்டே முக்காலுக்கு கேட்டை மூடுறாங்க. என் வாட்சுல பாத்தா அதுக்கு முன்னாடியே போயிடுறோம். ஆனா இது என் கல்யாணத்துக்கு வந்த வாட்ச். இதை யாரு நம்புவா?"

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வக்கீல் ஒரு பேச்சு எழுதினாள். தமிழ்க் கட்டுரையில் எப்போதும் பத்துக்கு ஒன்பது வாங்குகிறவள் அவள். மறுநாள் ஆசிரியர் அறைக்குப் போய், குழுவில் இருந்த மூவர் முன்னாலும் நின்று வாசித்தாள்.

"எங்கள் வேன் மாமா பொறுமையில் பூமி. அன்பில் அன்னை. அவர் போய்விட்டால் பதினொரு இதயங்கள் நொறுங்கிவிடும்."

கணக்கு சார் தாடையைத் தடவினார். "பதினொன்னு சரி. ஆனா இதயம் நொறுங்குறதால வண்டி லேட் இல்லன்னு எப்படிம்மா ஆகும்?"

அறிவியல் டீச்சர், "வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு அளந்து பாத்தியா?" என்று கேட்டார்.

"மாமா வாட்சுல..."

"அந்த வாட்ச் சரியான்னு பாத்தியா?"

வரலாறு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாமதப் பதிவேட்டுல ஒன்பது நாள்னு எழுதியிருக்கு. உன் பக்கம் என்ன எழுத்து இருக்கு?"

மூலையில் உட்கார்ந்திருந்த தமிழ் டீச்சர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் குழுவில் இல்லை.

மாலையில் வக்கீல் வீட்டுப்பாடம் செய்ய உட்கார்ந்தாள். மனம் ஓடவில்லை. கணக்கு நோட்டைத் திறந்தாள். சிவப்பு மையில் சார் எழுதியிருந்தார்: "மூன்று முக்கோணத்தை அளந்தது போதாது. எல்லா முக்கோணத்துக்கும் ஏன் பொருந்தும் என்று காட்டு." அறிவியல் நோட்டில், "புத்தகத்தில் இருக்கிறது என்பது பதில் இல்லை. நீ செய்து பார்த்தபோது என்ன ஆயிற்று?" வரலாறு நோட்டில், "இப்படித்தான் இருந்திருக்கும் என்று நீயாக முடிவு கட்டாதே. யார் எழுதியது? எப்போது?"

மூவருக்கும் தன்மேல் ஏதோ கோபம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அம்மா, இவங்க யாரும் என்னைத் திட்டலை. ஆளாளுக்கு வேற வேற மாதிரி கேக்குறாங்க. நான்தான் மூணு பேருக்கும் ஒரே பேச்சைப் படிச்சுட்டேன்."

"சாப்பிட்டுக்கிட்டே கண்டுபிடி வக்கீலம்மா, சோறு ஆறுது" என்றாள் அம்மா.

"எனக்கு உன் வாட்ச் வேணும்."

அம்மா நர்ஸ். நாடித் துடிப்பை எண்ணுகிற வாட்ச் அது. தினமும் காலையில் ரேடியோ செய்தி தொடங்கும்போது நேரத்தைச் சரிபார்த்த பிறகுதான் கட்டிக்கொள்வாள்.

"தொலைச்சேன்னு வந்து நிக்கக் கூடாது."

"தொலைச்சா நீ என்மேல கேஸ் போடு."

அம்மாவுக்கு இரண்டு நாள் விடுமுறை. வாட்ச் கைமாறியது.

வியாழக்கிழமை காலை வேன் பள்ளி வாசலில் நின்றபோது அம்மாவின் வாட்சில் எட்டு முப்பத்தெட்டு. வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் எட்டு நாற்பத்தெட்டு. காவலாளி அண்ணன் பதிவேட்டைத் திறந்து, "லேட்டும்மா" என்று வருத்தமாகச் சொன்னார்.

"பரவாயில்லண்ணா, எழுதுங்க" என்றாள் வக்கீல். அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. தாமதமாக வந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் பிள்ளை அவளாகத்தான் இருக்கும்.

மதிய இடைவேளையில் காவலாளி அண்ணனிடம் பதிவேட்டைக் கேட்டாள்.

"அது பெரியவங்க பாக்குற நோட்டும்மா."

"அதுல என் பேரு ஒன்பது நாளுக்கு மேல இருக்குல்ல? என்னைப் பத்தி எழுதினதை நான் பாக்கக் கூடாதா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். நோட்டைக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் வேன் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. இந்த மாதம் இரண்டாம் தேதியிலிருந்து திடீரென்று பெயர்கள் கூடியிருந்தன. வேன் பிள்ளைகள். சைக்கிள் பிள்ளைகள். பள்ளிக்கு எதிர்வீட்டுப் பையன்கூட ஐந்து நாள் தாமதம். அவன் வாசலிலிருந்து வாசலுக்குத் தெருவைத் தாண்டினால் போதும்.

மாலையில் அம்மாவின் வாட்சில் நாலு பத்து. பள்ளிக் கடிகாரத்தில் நாலு இருபது. வெள்ளிக்கிழமை காலை எட்டு முப்பத்தாறு. கடிகாரத்தில் எட்டு நாற்பத்தாறு.

ஒவ்வொரு தடவையும் பத்தே நிமிடம். கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்றால் வித்தியாசம் நாளுக்கு நாள் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அப்படியென்றால் யாரோ முள்ளை நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

அவள் காவலாளி அண்ணனைப் பார்த்தாள். அவர் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"அண்ணா, கடிகாரத்தை யாராவது முன்னாடி வச்சாங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாம் தேதி பேட்டரி மாத்தின அன்னைக்கு, அஞ்சே அஞ்சு நிமிஷம்தான்மா வச்சேன். கேட்டை மூடுனப்புறம் சின்னப் பிள்ளைங்க வெளிய நின்னு அழுதா எனக்குத் தாங்காது. கடிகாரம் முன்னாடி இருந்தா சீக்கிரம் ஓடி வருவாங்கன்னு பாத்தேன்."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொல்லிட்டா அப்புறம் யாரு ஓடி வருவா?"

அவர் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"என் வேலை போயிடுமாம்மா?" என்றார் அவர்.

ஒரு மாமாவைக் காப்பாற்றுவதற்காக ஓர் அண்ணனை மாட்டிவிடுவதா?

"கடிகாரம் தப்புன்னு நான் சொல்லித்தான் ஆகணும் அண்ணா. யாரு வச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொன்னா நல்லது. வரலைன்னாலும் என் வாயிலேர்ந்து உங்க பேரு வராது."

மாலைக் கூட்டத்தில் பெரிய டீச்சர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் தலைமையாசிரியர். இரண்டு பக்கமும் குழு ஆசிரியர்கள். வக்கீல் கையில் இன்று பேச்சு இல்லை. ஒரு துண்டுத்தாள் மட்டும் இருந்தது.

"முதல்ல கணக்கு சாருக்கு. வேன் மெதுவா வர்றதாலதான் லேட்டுன்னா, வேன்ல வர்றவங்க மட்டும்தான் லேட்டாகணும். எதிர்வீட்டுப் பையன் வேன்ல ஏறுறதே இல்லை. அவனும் அஞ்சு நாள் லேட்டு. அதனால காரணம் வேற ஏதோ."

கணக்கு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு பையன். அவனே போதும்" என்றார்.

"வரலாறு சாருக்கு, பதிவேடு. போன மாசம் வேன் ஒரு நாளும் லேட்டில்லை. ரெண்டாம் தேதியிலேர்ந்துதான் எல்லாருக்கும் லேட்டு. எழுதினது காவலாளி அண்ணன், அன்னன்னைக்கே எழுதினது."

வரலாறு சார் பதிவேட்டை இழுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"அறிவியல் டீச்சருக்கு, மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் கேட் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னாடி. என் வாட்ச் சரியான்னு கேப்பீங்க. ரேடியோவோட வச்சுப் பாத்ததுதான்."

"நான் கேக்குறதுக்குள்ள சொல்லிட்டாளே" என்று சிரித்தார் டீச்சர்.

பெரிய டீச்சர், "சரி, கடிகாரத்தை மாத்தினது யாரு?" என்றார்.

வக்கீல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அதுல பாதி எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா சொல்ல வேண்டியது நான் இல்லை."

கதவு மெல்லத் திறந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி காவலாளி உள்ளே வந்தார். சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். முடிவில், "அஞ்சு நிமிஷம்தாங்க. சத்தியமா அஞ்சுதான்" என்றார்.

"பத்துல அஞ்சு போனா அஞ்சு" என்றார் கணக்கு சார். "மீதி அஞ்சு எங்க?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டீச்சர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். குடிக்கவில்லை. காது சிவந்திருந்தது.

"அன்னைக்குப் புது பேட்டரி போட்டு நேரம் வச்சது நான்தான். பிள்ளைங்க கொஞ்சம் முன்னாடி வந்தா நல்லதுன்னு ஒரு அஞ்சு நிமிஷம் கூட்டி வச்சேன்." அவர் காவலாளியைப் பார்த்தார். "நானும் யாருகிட்டயும் சொல்லலை."

முதலில் சிரித்தது அறிவியல் டீச்சர். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. காவலாளி அண்ணன்கூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். வரலாறு சார் மட்டும் குனிந்து ஏதோ எழுதினார்.

"என்ன சார் எழுதுறீங்க?" என்றார் பெரிய டீச்சர்.

"யாரு, எப்போன்னு. பின்னால யாராவது கேப்பாங்க டீச்சர்."

பெரிய டீச்சர் அந்த மாதத் தாமதங்கள் எல்லாவற்றையும் தன் கையாலேயே ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, "ஒரு ஸ்டூல் கொண்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து போய் முள்ளைத் திருப்புவோம்" என்று காவலாளியிடம் சொன்னார்.

வேன் மாமா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வண்டியிலேயே காத்திருந்தார். ஸ்டீயரிங்கை அவர் இறுக்கிப் பிடித்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது. வக்கீல் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"மாமா, மொத்தம் மூணு காரணம். முதல் காரணம் என்னன்னா..."

"காரணமெல்லாம் அப்புறம் சொல்லு தாயி. திங்கட்கிழமை நான் வரணுமா, வேண்டாமா?"

"வரணும்."

"அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார் மாமா. அவள் உட்காரும்வரை பொறுத்திருந்து, இரண்டு பக்கமும் பார்த்து, அப்புறமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.