வீட்டில் உடம்பு சரியில்லை

"என் பேரை எழுதினா உங்க கை அழுகிப் போயிடுமா?"

"மெதுவா பேசு. கீழே கேட்கும்லா."

"கேட்கட்டும்! கட்டின பெண்டாட்டி பேரை ஒரு காகிதத்துல எழுத மாட்டேங்கறார்னு ஜாலான் புசார் ரோடு முழுக்கக் கேட்கட்டும்!"

ஜாலான் புசார் முழுக்கக் கேட்டதா தெரியாது. கீழ்த்தளத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த நஃபீசாவுக்கு நன்றாகவே கேட்டது. ஒட்டுக்கேட்பது கூடாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே இருந்த பலகைத் தளத்துக்குத்தான் தெரியவில்லை.

மேல்மாடித் தங்கராஜு துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. கௌரவம் பார்ப்பதை அதைவிடப் பெரிய உத்தியோகமாகப் பார்ப்பவர். அவர் மனைவி சந்திரமதிக்கு இரண்டாவது கருவும் தங்காமல் போனதிலிருந்து ஆறு மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்நிய ஆண் கையைப் பிடித்துப் பார்ப்பானே! அதனால் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தபாலிலேயே வைத்தியம் பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்திருந்தார். தங்கள் பரம்பரை முந்நூறு வருடமாக நோயாளியைக் கண்ணால் காணாமலே குணப்படுத்தி வருவதாகவும், தபால் என்ற ஒன்று வருவதற்கு முன்பே ஓலையில் நோய் கேட்டுக் கப்பலில் மருந்து அனுப்பியதாகவும் வைத்தியர் விளம்பரத்தாளில் அச்சடித்திருந்தார். கண்ணால் காணாமலே என்பதுதான் தங்கராஜுவுக்குப் பிடித்துப்போனது.

கடைசியில் அவர் இஷ்டப்படியேதான் எழுதினார். பெண்டாட்டி பெயரைச் சொல்லக் கூசும் கௌரவஸ்தர்கள் எல்லோரும் எழுதுகிற மாதிரி: 'என் வீட்டில் ஆறு மாதமாக உடம்பு சரியில்லை. வீட்டில் தூக்கமில்லை. வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை.'

இது நடந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம்.

மூன்று வாரத்தில் கேள்வித்தாள் வந்தது. வயது என்ன? தலைமாடு எந்தத் திசை? உள்ளே காற்று எப்படி? இதுவரை உள்ளே தங்காமல் போன உயிர் எத்தனை? கடைசிக் கேள்விக்கு, காது சிவக்க, 'இரண்டு' என்று எழுதினார் தங்கராஜு.

கூடவே ஒரு பருத்தி நூலும் வந்திருந்தது. அதை நோயாளியின் உடம்பில் மூன்று நாள் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாடி நூலில் இறங்கியிருக்கும். வைத்தியர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். மாமியார் பூவம்மா நூலைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள். சந்திரமதிக்கு வந்த ஆத்திரத்தில், அறை நடுவே கூரையைத் தாங்கி நின்ற மரத்தூணில், அலமாரி மறைக்கிற பக்கமாகப் பார்த்து அதைக் கட்டினாள். ரவிக்கைக்குள் கட்டியிருப்பதாக மாமியாரிடம் சொன்னாள். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது நூல் கொஞ்சம் ஈரமாக இருந்தது. மழைக்காலம்தானே.

பதில் வந்தது: 'நாடி பார்த்தோம். பலமான நாடி. நெடுங்காலப் பட்டினி. பயம் வேண்டாம், எழுப்பிவிடலாம்.'

ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சந்திரமதி சிரித்தாள். அந்தக் காலத்துக் கடைவீடுகளில், வாசலில் நிற்பது யார் என்று மேலிருந்தே பார்க்க மாடித் தரையில் ஒரு சின்னச் சதுரத் துவாரம் விட்டிருப்பார்கள். அதில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"நஃபீசாக்கா, வைத்தியர் எங்க தூணுக்கு மருந்து அனுப்பறார்!"

"தூணுக்குத்தானே புள்ள, அனுப்பட்டும். எங்க வூட்டுக்காரருக்கு அனுப்பினாலும் இதே பலன்தான். அதுவும் அசையாது."

மருந்தோடு வந்த பத்தியம்தான் சிரிக்கும்படி இல்லை. ஜன்னல் திறக்கக் கூடாது. வெயில் படக் கூடாது. உள்ளே ஆள் இல்லாமல் ஒரு பொழுதும் இருக்கக் கூடாது. பூவம்மா கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்; வேளைக்கு ஒருமுறை திறந்து தட்டை வைத்துவிட்டு மறுபடி போடுவாள்.

"குணம்னு ஒரு வார்த்தை வைத்தியர் எழுதட்டும்," என்றார் தங்கராஜு. "மறுநாளே ஜோகூர்ல உன் அண்ணன் வீட்டுல நானே கொண்டுபோய் விடறேன்."

அந்த ஒரு வார்த்தைதான் இனி அவளுக்குத் திறவுகோல்.

லேகியம் கறுப்பாக, மழையில் நனைந்த சாக்குபோல நாறியது. அவள் அதைத் தின்னவில்லை. தூணடியில், பலகை இடுக்கில் தள்ளிவிட்டாள். காலையில் பார்த்தால் இடுக்கு துடைத்த மாதிரி இருக்கும். எறும்பாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு எறும்பைக்கூட அவள் பார்த்ததில்லை.

இருபது நாள் போனது. சாத்திய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரும்புக்கடைகளில் தகரம் தட்டும் சத்தமும், ரிக்‌ஷா மணியும், மோர்மிளகாய் வறுக்கும் நெடியும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கூச்சலும் முன்னெல்லாம் அறைக்குள்ளேயே நடப்பதுபோல வந்துகொண்டிருக்கும். இப்போது அவை ஒவ்வொன்றாக, யாரோ மேலே கம்பளி போட்டு மூடுவதுபோல மங்கிக்கொண்டே போய், அந்த இடத்தில் வேறொரு சத்தம் வந்து உட்கார்ந்தது. தாழ்ந்த சத்தம். சீரான சத்தம். தன் இதயம் என்றுதான் முதலில் நினைத்தாள். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். அவளுடையது வேகமாக இருந்தது. மற்றது நிதானமாக இருந்தது.

தூணில் கை வைத்தாள். வெதுவெதுப்பு.

"தூண் துடிக்குதுங்க. வந்து தொட்டுப் பாருங்க."

"வைத்தியர் இதையும் எழுதியிருக்கார்," என்று கதவுக்கு வெளியே நின்று தங்கராஜு வாசித்தார். "'வீட்டில் இப்போது சத்தம் கேட்கும். கவலை வேண்டாம். பசி திரும்புவதன் அறிகுறி.' பார்த்தியா? நீ சத்தம் போடுவேன்னு அவருக்கு அங்கேயிருந்தே தெரிஞ்சிருக்கு."

வீட்டில்.

சந்திரமதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வீட்டில் தூக்கமில்லை. வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை. புருஷன் எழுதினபடியேதான் வைத்தியர் புரிந்துகொண்டிருக்கிறார். நூலை வேறு அவளே தூணில் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

கதவைத் தட்டித் தட்டிச் சொன்னாள். "அவர் வீட்டுக்கு வைத்தியம் பார்க்கிறார்! எனக்கில்லை, வீட்டுக்கு!"

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றார் தங்கராஜு. "வீட்டுக்குத்தான் பார்க்கிறார்."

"பேய் பிடிச்ச மாதிரி கத்தாதடி," என்றாள் பூவம்மா. "நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அன்றே பழைய காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்: 'ஐயா, நோயாளி நான். என் பெயர் சந்திரமதி. வீடு அல்ல. தயவுசெய்து மருந்தை நிறுத்துங்கள். குணம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.' விளம்பரத்தாளையும் சேர்த்துச் சுருட்டித் துவாரத்தில் விட்டாள். விளம்பரத்தாளில் இருந்த விலாசத்தைப் பார்த்து நஃபீசா விமானத் தபாலில் சேர்த்துவிட்டாள். சேர்க்கும் முன் ஒரு தடவை படித்தும் பார்த்தாள்.

"என்ன புள்ள எழுதியிருக்கே? தலையும் புரியலை, வாலும் புரியலை."

"அக்கா, துவாரம் முன்னைவிடச் சின்னதா தெரியுதா உங்களுக்கு?"

நஃபீசா அண்ணாந்து பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், தபால் வந்தது. கதவுக்கு வெளியே தங்கராஜுவின் குரல் துள்ளியது. "குணம்! எழுதிட்டார்! 'வீட்டில் பூரண குணம். பத்தியம் முடிந்தது. இனி நன்றாகச் சாப்பிடும். இன்று ஒரு பொழுது மட்டும் கதவு திறக்க வேண்டாம்.'" 'சாப்பிடும்' என்று எழுதியிருந்ததை வைத்தியரின் இலக்கணக் குறையாக நினைத்து மன்னித்துவிட்டார். ஜோகூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கப் புறப்பட்டார். பூவம்மா தேங்காய் உடைக்கக் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"அத்தை, திறந்துட்டுப் போங்க. அத்தை! கால்ல விழறேன்."

"ஒரு பொழுதுதானேடி. உனக்குன்னு தனியா ஒரு சீட்டும் வச்சிருக்கார், இந்தா." கதவுக்கு அடியில், மடித்து ஒட்டின தாள் ஒன்று உள்ளே வந்தது. படிகளில் செருப்புச் சத்தம் இறங்கியது.

தாளைப் பிரித்தாள்.

'சந்திரமதி அம்மாள் அவர்களுக்கு. தங்களுக்கு நோய் ஏதும் இல்லை. பெயர் தெரிவித்தமைக்கு நன்றி. பத்தியம் முறிக்கையில் முதல் கவளத்தின் பெயர் தெரிந்திருப்பது நல்லது.'

மணி இரண்டு. வெளியே நல்ல வெயில்.

ஜன்னலுக்கு ஓடினாள். இரண்டு கதவுக்கும் நடுவே கோடு இல்லை. விரலால் தேடினாள். எங்கும் இல்லை. மரம் வழவழவென்று, வெதுவெதுவென்று, ஒரே பரப்பாக இருந்தது.

கதவு. கதவிலும் கோடு இல்லை.

துவாரத்தில் விழுந்து வாயை வைத்தாள். "அக்கா!"

"புள்ள?" கீழே, எங்கோ தூரத்தில்.

"அக்கா, தாழ்ப்பாளைத் திற—"

துவாரம் மூடிக்கொண்டது. மெதுவாக. உதடு மூடுவதுபோல.

தரை ஈரமாக இருந்தது. பாதம் கொஞ்சம் உள்ளே போனது. எடுத்தாள். மற்றது போனது. தூணைப் பிடித்தாள். தூண் குனிந்தது.

நிதானமான அந்தத் துடிப்பு வேகம் பிடித்தது.

நான்கு மணிக்குத் தங்கராஜு டிக்கெட்டோடு வந்து தாழ்ப்பாளைத் தள்ளினார். அறை கழுவிவிட்டதுபோல இருந்தது. மரமெல்லாம் எண்ணெய் பூசிய மினுமினுப்பு. ஆள் இல்லை. ஓடிப்போய்விட்டாள் என்று பூவம்மா கோயில் வரைக்கும் சொன்னாள். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறையிலிருந்து எப்படி ஓடுவாள் என்று யாரும் கேட்கவில்லை, கௌரவமான குடும்பம் பாருங்கள். ஜோகூரிலிருந்து அண்ணன் அழகப்பன் வந்து இரண்டு நாள் கத்திவிட்டுப் போனான். மறு வருஷம் தங்கராஜு பினாங்கில் கண்மணி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, தாயாரோடு சிராங்கூனில் வேறு வீடு பார்த்துப் போனார். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் மாப்பிள்ளை பெயரில் பாதி அளவுதான்.

நஃபீசாவும் அவள் புருஷன் காதர் மைதீனும் அவர்களுக்கெல்லாம் முன்னே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாளே, உலையில் வைத்த சோற்றை இறக்காமல் போனார்கள். காலையில் அடுப்பு மூட்டும்போது அவள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே, விரல் பருமன்கூட இல்லாத அந்த மாடித் தளப் பலகைக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்த ஆள் அளவுக்கு ஒரு புடைப்பு. அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. அரிசி களைந்துவிட்டு வந்து பார்த்தபோது அம்மிக்கு மேலே இருந்தது. புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தபோது படிக்கட்டுப் பக்கம் போயிருந்தது. ஒவ்வொரு முறை பார்த்தபோதும் முன்பைவிடக் கொஞ்சம் சின்னதாக.