பாதி பலத்தில் ஒரு நிஞ்சா

மூங்கில்துறைப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கரும்பாலையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. இளஞ்செழியன் நண்பன் ஜோஸ்வா வீட்டை நோக்கி நடந்தான். முந்தின நாள்தான் சர்ச்சில் ஜோஸ்வா இறந்த முப்பதாம் நாள் பூசை. வயிற்றுவலி என்று சொல்லி வராமல் இருந்துவிட்டான். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

"அந்தக் கேம் பெட்டிய நீயே எடுத்துக்கினு போப்பா," என்றார் ஜோஸ்வாவின் அம்மா ஆனந்தமேரி. "அதுக்கு முன்ன ஒருவாட்டி போடு. அந்தச் சத்தம் இல்லாம வூடு வூடாவே இல்ல."

காபி போட உள்ளே போனார்.

ஜப்பான்காரன் பத்துக் கார்ட்டூன் தொடர்களின் நாயகர்களைப் பிடித்து ஒரே விளையாட்டில் அடைத்திருந்தான். சாமுராய், நிஞ்சா, மந்திரக்காரி, இயந்திர மனிதன். அவரவர் கதையில் நிம்மதியாக இருந்தவர்கள், இங்கே கல்யாண மண்டபத்துச் சம்பந்திகள் போல முட்டிக்கொள்வார்கள். தோற்றவன் பரோட்டா வாங்கி வர வேண்டும் என்பது நண்பர்களின் சட்டம். இளஞ்செழியன் தோற்ற தோல்விகளில் பரோட்டா மாஸ்டருக்கு அவன் குடும்ப வரலாறே மனப்பாடம்.

கடைசியாக ஆடிய அன்று மட்டும், ஜோஸ்வா எழுந்து போன நேரத்தில் இளஞ்செழியன் செட்டிங்ஸில் புகுந்து அவனுடைய நிஞ்சாவின் பலத்தைப் பாதியாக்கினான்.

ஜோஸ்வா தோற்றான். சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தான். வளைவில், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று நின்றிருந்தது.

இப்போது ஜோஸ்வாவின் கட்டிலில் உட்கார்ந்து இளஞ்செழியன் பட்டனை அழுத்தினான்.

இரண்டாவது ஆட்டக்காரர் தயார் என்றது திரை.

மெத்தைமேல் கிடந்த இன்னொரு கண்ட்ரோலரைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே பேட்டரி இல்லை.

நிஞ்சா வந்து நின்றது. பாதி பலத்தோடு.

அடிக்கவில்லை. தடுக்கவில்லை. அவனையே பார்த்தது.

பக்கத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.

"டேய்... நான்தான்டா கம்மி பண்ணேன்," என்று முணுமுணுத்தான்.

"இன்னாப்பா?" காபியோடு வாசற்படியில் ஆனந்தமேரி.

"அம்மா, அவன் தோக்கலம்மா. நான்தான் தில்லுமுல்லு பண்ணேன். அன்னிக்குக் கடைக்கு நான் போயிருக்கணும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியும்பா. நேத்து பூச முடிஞ்சி வந்தப்ப ஜோஸ்வாவே சொன்னான். 'அவன் வாயால உங்கிட்ட சொல்லட்டும்மா, அப்பறம் நான் கெளம்பிடறேன்'னான்."

இளஞ்செழியனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இருவரும் மெத்தையின் பள்ளத்தைப் பார்த்தார்கள், மேலெழும் என்று.

எழவில்லை.

"ஜோஸ்வா," என்றார் அம்மா, தூங்குபவனை எழுப்புவது போல. "சொல்லிட்டான்ல? கெளம்புப்பா."

பள்ளம் நகர்ந்தது.

இளஞ்செழியன் பக்கமாக, ஒரு சாண்.