கண்ணை மூடிக்கொண்டு படித்தவன்

"இதைப் படிங்க சார்... தெரியுற வரைக்கும் போதும்."

எழுத்தாளன் வாங்கிப் பார்த்தான். 'பார்த்தான்' என்பதே கொஞ்சம் அதிகம். அவனுக்குத் தூரத்தில் இருப்பது ஓரளவு தெரியும். கிட்டே வருவதெல்லாம் கலங்கிவிடும். பழைய கண்ணாடியின் மேல் அவனே உட்கார்ந்து தூளாக்கியிருந்தான். மழைக்கு ஒதுங்கிய இடம் கண்ணாடிக் கடையாக இருந்தது அவன் அதிர்ஷ்டம். எதிரே இருந்தவள் இப்போதைக்கு ஒரு நீலக் கலங்கல். அந்தக் கலங்கலுக்கு நல்ல குரல்...

கையில் இருந்ததை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தான். அட்டையில் பச்சையாக ஏதோ... வாளாக மாறும் குடை... ஐயோ!

அவன் எழுதிய புத்தகம்.

"படிக்கிற அட்டையில காப்பி கொட்டிடுச்சு சார். இதுல எழுத்து நல்லா பொடிசா இருக்கு. வேற எதுக்கும் உதவாது, இதுக்காவது உதவட்டுமே."

"ஏன்... நல்லா இல்லையா?"

"குடை திருடின கரடி கதை தெரியும்ல?"

தெரியாதா பின்னே! சிறுமியின் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் கரடி, மழையில் விரட்டும் சிறுமி, கடைசியில் இருவரும் ஒரே குடையில்... கரடியின் ஒரு காது மட்டும் வெளியே நனைந்தபடி. அதைக் கேட்டுத்தான் அவன் சின்ன வயதில் சோறே சாப்பிட்டான்.

"அந்தக் கரடியை இதுல சாபம் வாங்கின இளவரசனா ஆக்கிட்டான் சார். மரகதக் கண்ணு. சிக்ஸ் பேக் வேற, வயித்துல படிக்கட்டு. குடைதான் மந்திர வாளு. அந்தப் பொண்ணு பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுறா. ஆஸ்துமாவோன்னு எனக்குச் சந்தேகம்!"

"பதிப்பகத்துல அப்படி எழுதச் சொல்லியிருப்பாங்களோ என்னவோ..."

"சொன்னா? குதின்னா குதிச்சிடுவானா?" குரலில் நிஜமான வருத்தம். "அக்கா பொண்ணுக்கு ஆசையா வாங்கினேன். ரெண்டு அத்தியாயம் படிச்சுட்டு, 'சித்தி, கரடி எப்ப வரும்?'னு கேட்டுச்சு. என்னத்தைச் சொல்ல?"

எழுத்தாளன் எத்தனையோ விமர்சனங்களைத் தாங்கியிருக்கிறான். ஆனால் அந்தக் குழந்தையின் கேள்வி நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சரி, 'அவனது மரகத விழிகளில்'னு ஆரம்பிக்குது பாருங்க, அங்கேருந்து படிங்க. பாத்துச் சொல்லுங்க சார். கடைக்கார அண்ணன் இப்பதான் என்னைத் தனியா டெஸ்ட் பண்ண விட்டிருக்கார். தப்பாச்சுன்னா மறுபடியும் கவுண்டர்ல ஃபிரேம் தொடைக்க அனுப்பிடுவார்."

அந்த எச்சரிக்கை அவன் காதில் விழுந்தது. மூளைக்குப் போவதற்குள் வாய் முந்திக்கொண்டது. எழுத்துகள் எறும்பு ஊர்வலமாகத்தான் தெரிந்தன. ஆனால் பதிப்பாசிரியர் சொல்லச் சொல்ல அடித்து அடித்து எழுதிய பத்தி அல்லவா... கடகடவென்று ஒப்பித்துவிட்டான்.

"அவனது மரகத விழிகளில் ஓராயிரம் மின்னல்கள் சிறகடிக்க, அவளது இதயம் இடியாய் இடித்து, மழையாய்ப் பொழிந்து, வெள்ளமாய் வழிந்தோடியது..."

"அடேயப்பா! தடங்கலே இல்லாம படிக்கிறீங்களே... கொஞ்சம் பவர் போதும் உங்களுக்கு."

லென்ஸ் செருகும் கனத்த ஃபிரேமை மூக்கில் மாட்டினாள். ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தாள். "எதுக்கும் இதையும் பாத்துடுவோம்..." என்று வேறொன்றைச் செருகினாள்.

கலங்கல் விலகியது.

மை தீட்டாத கண்கள்... இமையோரம் சின்ன மச்சம்... சிரிப்பை அடக்கத் தெரியாத உதடு. ஜன்னல் மழையின் வெளிச்சமெல்லாம் அந்தக் கண்களுக்குள் வந்து நின்றிருந்தது. மரகதம், மின்னல் என்று தான் எழுதிய அத்தனைக்கும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"இது எப்படி?"

"க... கலங்குது."

"அப்ப வேணாம்." கழற்றிவிட்டாள். அவள் மறுபடி நீலமாகிவிட்டாள். அட மடையா!

"ஆனா ஒரே ஒரு பக்கம் நல்லா இருக்கு சார்," என்றாள், எதையோ எழுதிக்கொண்டே. "அந்தப் பொண்ணு தூங்குறப்ப கரடி குடை பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு காது நனையுது. அவ முழிக்கறதுக்குள்ள குடையை வெச்சுட்டுப் போயிடுது. அதைப் படிச்சா மட்டும்... என்னவோ பண்ணுது. அதை வேற யாரோதான் எழுதியிருக்கணும். அந்த ஆளை ஒரு தடவை பாக்கணும்."

அது அவன் தனக்காக எழுதிய பக்கம். பதிப்பாசிரியரின் சிவப்புப் பேனா எப்படியோ கவனிக்காமல் விட்ட ஒரே பக்கம். 'நான்தான்' என்று சொன்னால் மற்ற பக்கங்களும் அவன் தலையில்தானே விழும்? திட்டப்பட்டவனும் தேடப்படுபவனும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எந்த ஆளாக எழுந்து போவது என்று தெரியாமல், வெறும் வாடிக்கையாளனாக எழுந்து போனான்.

புதுக் கண்ணாடி வந்தது. தலைவலியும் கூடவே வந்தது. செய்தித்தாளின் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. காரணம் தெரிந்தும் அவன் வாய் திறக்கவில்லை. திரும்பிப் போக ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம். சாக்கை அம்மா பறித்துக்கொண்டாள். மகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கடைக்கு நேரே போன் போட்டுவிட்டாள்.

"நல்லா விட்டேன் ஒரு டோஸ்! பிள்ளை கண்ணைக் கெடுத்துட்டியே, நீயெல்லாம் டெஸ்ட் பண்ண வந்துட்டியான்னு கேட்டுட்டேன்."

"அம்மா... யாரைக் கேட்டே?"

"அந்தப் பொண்ணைத்தான்!"

அவன் செருப்பை மாட்டியது ஞாபகமில்லை. கடைக்குள் நுழைந்தபோது சட்டை நனைந்திருந்தது. நீலக் கலங்கல் கவுண்டருக்குப் பின்னால் குனிந்து ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்தது. நிமிரவில்லை. சோதனை நாற்காலியருகே அண்ணன். காத்திருந்த நாலைந்து பேர் வேடிக்கைக்குத் தயாரானார்கள்.

"வாங்க தம்பி. தப்பு எங்க மேலதான். இந்த வாலு இன்னும் கத்துக்கணும்..."

"அவங்க மேல தப்பே இல்ல சார். நான்... படிக்காம படிச்சேன்."

அண்ணன் குழம்பினார். "புரியல."

"அந்தப் புத்தகம் நான் எழுதினது. மனப்பாடம். எழுத்து ஒன்னுமே தெரியல."

ஃபிரேம் துடைத்த கை நின்றது.

"பழியை உங்க மேல தூக்கிப் போட்டுக்கறதுக்குச் சொல்றீங்களா?" அண்ணன் புத்தகத்தைப் புரட்டினார். "எங்க, சொல்லுங்க பாப்போம். 'அவனது மரகத விழிகளில்'..."

இதைவிட மழையில் கரைந்து போயிருக்கலாம். எழுத்தாளன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். அத்தனை பேர் நடுவிலும், மின்னல் சிறகடித்து, இதயம் இடித்து, பொழிந்து, வழிந்தோடும் வரையும் அதற்கு அப்பாலும், ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதாநாயகியின் இரண்டாவது பெருமூச்சு வந்தபோது அண்ணனே கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும் தம்பி... நம்பறேன். வாலு! நாற்காலி உன்னுது. நீயே பாத்துக்கோ."

அவள் வந்தாள். ஃபிரேமை மாட்டிய வேகத்தில் கோபம் தெரிந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு உளறிக்கிட்டு... மனசுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. சொல்லியிருந்தா அந்த ஒரு பக்கத்தைப் பத்தி நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க."

அவள் லென்ஸ் பெட்டிக்குள் தேடினாள். 'அந்த ஆளை' அவள் பார்க்க விரும்பியது உண்மை. 'இந்த ஆள்' மேல் எரிச்சல் வந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு இப்படி முழித்தால்... யார் மேல் கோபப்படுவது? என்ன கண்ணோ இது, மரகதமும் இல்லை மண்ணும் இல்லை... சாதாரணப் பழுப்பு. ஆனால் பொய் சொல்லத் தெரியாத பழுப்பு.

"உங்களுக்கு மனப்பாடம் ஆகாதது வேணும்," என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பொடியாக எதையோ எழுதி நீட்டினாள். "படிங்க."

"குடை..." லென்ஸ் மாறியது. "குடை கொண்டு..." இன்னொன்று. அன்றைக்குக் கழற்றிய அதே லென்ஸ். காகிதமும் தெளிந்தது, அதற்கு அப்பால் அவளும் தெளிந்தாள். "குடை கொண்டு வரலையா?"

"கேள்வி கேட்டா பதில் சொல்லணும் சார்."

"வரல. ஓடி வந்துட்டேன். எங்கம்மா உங்களைத் திட்டிட்டாங்கன்னு தெரிஞ்சதும்... வேற எதுவும் தோணல." காகிதத்தை மடித்துக்கொண்டான். "அன்னிக்கு இந்த லென்ஸ்ல நீங்க தெளிவாத்தான் தெரிஞ்சீங்க. நான்தான் கலங்கிட்டேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. இதை எந்தப் பதிப்பாசிரியரும் எழுதச் சொல்லல."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மழை விடுகிற மாதிரி இல்லை.

"என்கிட்ட ஒரே ஒரு குடைதான் இருக்கு. சின்னது." குரல் தணிந்தது. "யாராவது ஒருத்தர் காது நனையும்."

"என் காது பெருசுங்க," என்றான் அவன்.