கயிறு பிடித்தவர்

கிரேசி வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கல்லூரி புதிது. கட்டடம் போதவில்லை என்று கட்டுரைப் பயிற்சி வகுப்பைக் கடற்கரையோரம் இருந்த சங்கு குவித்துவைக்கும் பழைய கிட்டங்கிக்குத் தள்ளிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அங்கே சங்குச் சதை அழுகிய வாடை மட்டும் போகவில்லை. எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் சுவர் அதைக் கக்கிக்கொண்டே இருந்தது. ஐப்பசி மழை மூட்டத்தில் அந்த மத்தியானம் அவள் பூட்டைத் திறந்தபோது, வாடை முகத்தில் வந்து அப்பியது.

அவளுக்கு அது பழகிய வாடைதான். புன்னைக்காயல்காரி. தம்பி பாஸ்கல் கடலில் முங்கிச் சங்கு குளித்துவிட்டு வந்து நின்றால் வீடே இப்படித்தான் மணக்கும். அவன் கடலோடு போய் ஆறு வருஷம்.

இன்று அவள் கவலை மாணவி ரோஸைப் பற்றியது. ‘கடல்’ என்று தலைப்புக் கொடுத்தால் அந்தப் பெண் எழுதியிருந்தது, வரிக்கு வரி, கிரேசியின் கணவர் கிளாட்வின் எழுதிய ‘சங்குகுளி’ கட்டுரை. சாதாரணக் கட்டுரையா அது? செத்துப்போன மைத்துனனின் நினைவாக என்று போட்டு அவர் அச்சிட்டது. அதை வைத்துத்தான் அவருக்கு ஆண்கள் கல்லூரியில் பேரும் பதவியும் வந்தது. கிரேசி அதைப் படித்துப் படித்து அழுதிருக்கிறாள். காப்பியடித்தாள் என்று முடிவானால் ரோஸைக் கல்லூரியைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவளுக்குக் கல்யாணம்தான், படிப்பு இல்லை.

“நான் பாத்து எழுதல மிஸ்,” என்றாள் ரோஸ். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “இங்கன உக்காந்தா அதுவா வருது. யாரோ காதுக்குள்ள சொல்லுத மாதிரி.”

ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பிள்ளை. கடலில் கால் நனைத்ததுகூட இல்லை.

கிளாட்வின் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவரே கேட்டுக்கொண்டு வந்த பரீட்சை இது. “என் முன்னால எழுதட்டும். சாயம் வெளுத்துரும்,” என்று சிரித்தார்.

கிரேசியின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதை எழுதினவளே வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் திருத்தம். ரோஸ் எழுதினாள். பேனா எங்கேயும் நிற்கவில்லை. மழை இருட்டு கூடிவந்தது. பிறகு எழுந்து நின்று படித்தாள்.

“கடலுக்குள் போனால் கண்ணுக்கு முன்னால் காதுதான் விழிக்கும்.”

“பாத்தியா? என் முதல் வரி,” என்றார் கிளாட்வின்.

ஆமாம், அவருடைய முதல் வரி. ஆனால் இத்தனை நாள் கண்ணால் படித்த வரியைக் கிரேசி இன்றுதான் காதால் கேட்டாள். அவள் கணவர் கடலுக்குள் தலை முங்கியதே இல்லை. நீச்சல் தெரியாது.

ரோஸ் படித்துக்கொண்டே போனாள். கட்டுரை முடியும் இடம் வந்தது. குளிகாரன் மூச்சை இழுத்து நீருக்குள் இறங்குகிறான். அச்சில் அதோடு சரி.

ரோஸ் நிறுத்தவில்லை.

“சங்கு கிடைத்தது. கயிற்றைச் சுண்டினேன். மேலே யாரும் இழுக்கவில்லை.”

கிளாட்வின் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

“மறுபடியும் சுண்டினேன். மச்சான், திருத்தித் தாருங்கள் என்று காலையில்தானே என் கட்டுரையை உங்கள் கையில் கொடுத்தேன். மறுபடியும் சுண்டினேன்.”

குரல் ரோஸுடையதுதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவள் இழுத்த மூச்சு, முங்குகிறவன் இழுக்கும் மூச்சு.

சங்கு குளிக்கிறவனுக்குத் தோணியில் அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் கயிறு பிடிப்பது கடற்கரை வழக்கம். கூடப் பிறந்தவள் தாலி அறுத்துவிடக் கூடாதே என்று அவன் பிடி தளராது. பாஸ்கலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா புருஷன் பிடித்தார். மச்சான்தானே என்று யாரும் யோசிக்கவில்லை. இந்தக் கயிற்றை விட்டால் இவருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. “நீங்க கூடப் போங்க” என்று அனுப்பினவளே கிரேசிதான். அவன் எழுத்தைத் திருத்திக் கொடுங்கள் என்று அவரிடம் ஒப்படைத்தவளும் அவள்தான்.

“நீ வீட்டுக்குப் போ ரோஸ். உன் பேர்ல தப்பில்லன்னு நான் எழுதித் தாரேன்.”

அந்தப் பெண் ஓடிவிட்டாள்.

“அவன் சுண்டவே இல்லன்னு சொன்னீங்க,” என்றாள் கிரேசி. “அம்மாகிட்ட சிலுவை மேல கை வச்சுச் சொன்னீங்க.”

அவர் பார்வை கீழே கிடந்த குடைக்குப் போனது.

“என்னைவிட நல்லா எழுதுனான், கிரேசி.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறமும் ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன். அவளுக்கு அவரை அடிக்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போது அவருடைய வலது கை வெடுக்கென்று கீழே இறங்கியது.

யாரும் தொடவில்லை.

மறுபடியும் ஒரு சுண்டு. தோள்பட்டையே சரிந்தது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் சிவந்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் இடது கையால் எதையோ பிய்த்து எறியப் பார்த்தார். அங்கே பிய்க்க ஒன்றுமில்லை.

“விடச் சொல்லு,” என்று கிசுகிசுத்தார். “ஏளா, அவனை விடச் சொல்லு.”

“நீங்கதான் விட்டீங்க,” என்றாள் கிரேசி.

கதவில் மோதிக்கொண்டு மழைக்குள் ஓடினார். குடை அங்கேயே கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

கிரேசி மேஜை முன் உட்கார்ந்து ரோஸுக்காக நாலு வரி எழுதி முடித்தாள். எழுத்து கோணவில்லை. மூடியைத் திருகிப் பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே மழை விட்டிருந்தது. ஆனால் கிட்டங்கிக்குள் எங்கேயோ தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது.

அவளுடைய மணிக்கட்டு மெல்லக் கீழே சுண்டியது.

பிறகு இன்னொரு தரம்.

“இங்கனதான் இருக்கேன் பாஸ்கல்,” என்றாள்.

இரண்டு கையாலும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

கனத்தது.

மேலே வந்துகொண்டிருந்தது.