ராட்சதக் கணவாய் கவிழ்த்த படகு

ஆம்ப்ரோஸ் டிசார்டின் வீட்டுக் கதவை எங்கள் பிஞ்சர்ஸ் துறையில் யாரும் தட்டுவதில்லை. நேரே திறந்துகொண்டு அடுப்படிக்கே போய்விடுவோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு முழுக்க அதுதான் வழக்கம். தட்டுகிறவன் போலீஸ்காரன் அல்லது வெளியூர்க்காரன். அன்று காலை மர்ட்டில் க்ளூயட் தட்டினாள். டிசார்ட் உடனே எழுந்து நின்றார்.

"உள்ள வா மர்ட்டில். என்ன இது, புதுசா தட்டுற?"

"போலீஸ்கிட்ட உதவி கேக்கத்தான் வந்திருக்கேன், ஆம்ப்ரோஸ். நீ ரிட்டயர் ஆனா என்ன, சார்ஜன்ட் சார்ஜன்ட்தானே?" அவள் உட்காரவில்லை. "எம்பிள்ள லீவை நாளைக்குப் போலீஸ்ல போய் கையெழுத்துப் போடப்போறான். அப்பாவ நான்தான் கொன்னேன்னு."

அடுப்படி மேசையில் ஏற்கெனவே தேநீரோடு உட்கார்ந்திருந்த டோர்கஸ் ஹைன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். ஊர் வாசலில் நிற்கும் சிமென்ட் கணவாய் மீன் சிலைக்கு எதிரே கடை வைத்திருப்பவள் அவள். கணவாய் போட்ட பனியன், கணவாய் போட்ட கோப்பை, கணவாய் கைகள் முளைத்த குல்லாய் எல்லாம் விற்பாள். டிசார்டுக்கு ஒரு விவகாரம் கிடைத்தால் அவருக்கு முன்னால் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவளும் அவள்தான்.

நடந்தது ஊருக்கே தெரியும். கார்சன் மெரிக் என்று ஒருவன் டொராண்டோவிலிருந்து வந்திருந்தான். கடல் பூதங்களைத் தேடிப்போய்ப் படம் பிடித்து இணையத்தில் போடுவது அவன் பிழைப்பு. தேடினால் கிடைக்காது என்று அவனுக்கும் தெரியும். அதனால் மர்ட்டில், கஸ் க்ளூயட் தம்பதியின் மகன் லீவையைப் பிடித்து ரப்பரில் பெரிய கணவாய்க் கைகள் செய்யச் சொன்னான். லீவை கெட்டிக்காரன், செய்தான். முனைப்பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கயிற்றை இழுத்தால் கைகள் தண்ணீரிலிருந்து எழும். கஸ் படகில் அந்தப் பக்கமாகப் போய், பயந்தவர்போலத் திரும்ப வேண்டும். ஆனால் கைகள் எழுந்ததும் படகே கவிழ்ந்துவிட்டது. பின்தலையில் காயத்தோடு கஸ்ஸின் உடல் கரை ஒதுங்கியது. நுரையீரலில் கடல்தண்ணீர் என்றார் மருத்துவர். மேல்கோட்டு இல்லை, அலை உருவியிருக்கும் என்றார்கள்.

அந்தப் படத்தை உலகமே பார்த்தது. பாதிப் பேர் பூதம் என்று நம்பினார்கள், மீதிப் பேர் சிரித்தார்கள். ஒரு மனிதன் செத்ததைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை என்ன சொல்வது? நாசமாய்ப் போகட்டும்.

"என் கயிறுதான் படகுல சிக்கிடுச்சுங்கிறான்," என்றாள் மர்ட்டில். "புருஷன் போயிட்டான். பிள்ளையாவது மிஞ்சட்டும்."

"நீ படத்தப் பாத்தியா?"

"அத எப்படிப் பாப்பேன், ஆம்ப்ரோஸ்?"

அவள் போனதும் இருவரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். படகுகள் தொழிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பின்வாங்கி, வலப்பக்கம் சுற்றி, அங்கே துருத்திக்கொண்டு நிற்கும் பாறையை ஒதுக்கி, மெதுவாக வாய்க்காலுக்குள் போயிற்று. இடப்பக்கம் அகலமாகத் திறந்து கிடந்தது.

"டோர்கஸ், எல்லாரும் பாத்த படம் எங்கேருந்து ஆரம்பிக்குது?"

"படகு முனைப்பாறைகிட்ட வரும்போது. ஆனா முழுசும் இருக்கு, சார்ஜன்ட். 'வெட்டாத அசல் பதிவு'ன்னு சந்தா கட்டுறவங்களுக்கு மட்டும் போட்டிருக்கான். பொய்யில்லன்னு நிரூபிக்கவாம்." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நான் கட்டியிருக்கேன். வியாபாரத்துக்காக."

"உன்ன யாரு என்ன சொன்னா? காட்டு."

கடையில், குல்லாய்களுக்கு நடுவே, டோர்கஸின் போனில் இருவரும் பார்த்தார்கள். கலங்கரை மேட்டிலிருந்து எடுத்த படம். முன்னால் புல் காற்றில் தரையோடு படுத்துக் கிடந்தது. தூரத்தில் கஸ்ஸின் மஞ்சள் மேல்கோட்டு போட்ட உருவம், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, படகைத் துறையிலிருந்து எடுத்தது. இடப்பக்கம் திரும்பியது. முனைப்பாறையை அடைந்தது. ரப்பர் கைகள் எழுந்தன. படகு புரண்டது. "ஐயோ, பாருங்க, பாருங்க," என்றது கார்சனின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாக. படம் முடியும்வரை கேமரா இம்மியும் அசையவில்லை.

டிசார்ட் தொடக்கத்தை மறுபடி பார்த்தார்.

"படத்த இடவலமா மாத்திப் போட்டிருப்பானோ?"

"இல்லயே. கலங்கரை விளக்கு அதோட இடத்துலதான இருக்கு?" என்ற டோர்கஸ் சட்டென்று நிறுத்தினாள். "சார்ஜன்ட், கஸ் அப்படித் திரும்பவே மாட்டாரே."

"மாட்டான். இத யார்கிட்டயும் சொல்லாத. கார்சன்கிட்ட போய், கஸ்ஸுக்கு அஞ்சலியா ஒரு படம் எடுக்கணும், ஊரே வரும்னு சொல்லு. கஸ்ஸோட படக அவனே ஓட்டட்டும்."

"வருவானா?"

"ஊரே வருதுன்னா வராம இருப்பானா?"

மறுநாள் லீவை போலீஸுக்குக் கிளம்புமுன் மர்ட்டில் அவனைத் துறைக்கு இழுத்து வந்தாள். டிசார்ட் வரவழைத்த கான்ஸ்டபிள் ஓரமாக நின்றார். கார்சன் கறுப்புச் சட்டையில், துக்க முகத்தோடு வந்தான். கேமராவை டோர்கஸிடம் கொடுத்துவிட்டு, மீட்டெடுத்துக் கட்டியிருந்த கஸ்ஸின் படகில் இறங்கினான். எஞ்சினைப் போட்டான். பின்வாங்கினான். இடப்பக்கம் திருப்பினான்.

துறையில் நின்ற அத்தனை பேரின் பேச்சும் நின்றது. யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கார்சன் ஒரு வட்டம் அடித்துவிட்டுக் கரையேறினான்.

"என்ன ஸ்கிப்பர், நல்லா வரலயா?" என்று டிசார்டிடம் கேட்டான் அவன்.

"நல்லாத்தான் வந்துச்சு தம்பி, அன்னிக்கு மாதிரியே," என்றார் டிசார்ட். "இந்தத் துறையில யாரும் சூரியனுக்கு எதிரா படகத் திருப்ப மாட்டாங்க. சூரியன் போற பக்கம், வலப்பக்கம்தான். பாறை இடிச்சாலும் வலப்பக்கம்தான். எதிரா திருப்பினா அந்தப் படகு வீடு திரும்பாதுன்னு நம்பிக்கை. கஸ் பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணியில இருக்கான். உன் படத்துல படகு இடப்பக்கம் திரும்புது. ஓட்டினது வெளியூர்க்காரன்."

"நான் மேட்டுல கேமராகிட்ட நின்னேன். என் குரல் கேக்கல?"

"கேட்டுச்சு. புல்லு படுத்துக் கிடக்கிற அளவு காத்து, உன் குரல்ல காத்துச் சத்தமே இல்ல. ரூமுக்குள்ள உக்காந்து பின்னாடி சேத்திருக்க. ஒரு ஆளு சாகும்போது கேமராவும் திரும்பல. ஏன்னா நீ அத ஓடவிட்டுட்டுப் போயிட்ட, அது பின்னால யாருமே இல்ல. கஸ்ஸோட கோட்டுக்குள்ள நீ இருந்த. கஸ் படகுக்குள்ள, தார்ப்பாய்க்குக் கீழ கிடந்திருக்கணும். முனையில நீயே கவுத்துட்டு நீந்திக் கரையேறின. கயிறு எதையும் கவுக்கல."

"இது பைத்தியக்காரத்தனம்."

"அப்ப உன் வேனத் திறந்து காட்டேன்," என்றாள் டோர்கஸ்.

கான்ஸ்டபிள் முறைப்படி அனுமதி வாங்கித் திறந்தார். இருக்கைக்கு அடியில் முக்குளிக்கும் உடை இருந்தது. அதற்குள் சுருட்டி வைத்த மஞ்சள் மேல்கோட்டும் இருந்தது. அதற்குப் பிறகு கார்சன் எல்லாவற்றையும் சொன்னான். போன இலையுதிர் காலத்தில் கடலில் மூழ்கிச் செத்த எங்கள் ஊர்ப் பையன்களை இந்தப் பூதம்தான் விழுங்கியது என்று பெயரோடும் படத்தோடும் காட்டத் திட்டமிட்டிருந்தான். அன்று காலை அது கஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அவங்க அம்மாமார் இங்கதான் இருக்காங்க, இந்த விளையாட்டு வேணாம், ஊர்கிட்ட சொல்லிடுவேன் என்றார். கார்சன் தள்ளிவிட்டான். பின்தலை துறைக்கட்டையில் அடித்தது. செத்துவிட்டார் என்று நினைத்தானாம்.

டிசார்டும் டோர்கஸும் மர்ட்டிலின் அடுப்படிக்குப் போய் அதையெல்லாம் சொன்னார்கள். லீவை கடைசிவரை தலை நிமிராமல் கேட்டான்.

"அப்பாவ படகுல போடும்போது செத்துட்டாரா?"

"அது இப்ப எதுக்கு மகனே," என்றாள் டோர்கஸ் அவசரமாக.

டிசார்ட் நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டுக்கொண்டார். "நுரையீரல்ல கடல்தண்ணி இருந்துச்சு, லீவை. தண்ணிக்குள்ள மூச்சு விட்டிருக்கான். நினைவு இருந்திருக்காது."

"நான் பாறைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். படகு கவுந்ததும் பயந்துபோய் கயித்த விட்டுட்டு உதவிக்கு ஊர்ப்பக்கம் ஓடினேன். தண்ணியில குதிச்சிருக்கணும்."

மர்ட்டில் டிசார்டைப் பார்த்தாள். "ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல, ஆம்ப்ரோஸ்?"

"கோர்ட்டுல எப்படியும் சொல்லுவாங்க, மர்ட்டில். அங்க அத்தன பேருக்கு முன்னால இவன் முதல் தடவையா கேக்க வேணாம்னுதான்."

அவள் மகனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அவன் கொன்னான். நீ கொல்லல," என்றாள். "மீதிய நாம ரெண்டு பேரும் சுமப்போம்." லீவை அழுதான். அப்பா போனதிலிருந்து அவன் அழுதது அப்போதுதான்.