மூலை எனக்கில்லை

மோகனப்ரியா கோல் காத்தால் ஈகூட உள்ளே நுழையாது. வம்பே அதில்தான் வந்தது.

ஓசூரில் அவர்கள் இருந்த கம்பெனிக் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் பஸ்கள் நிற்பதில்லை. காலியான சிமென்ட் தரையில் பிள்ளைகள் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடுவார்கள். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் தட்டையான வட்டு. இங்கே பெயின்ட் டப்பா மூடி. தக்காளி கிரேட் இரண்டைச் சாய்த்து வைத்தால் கோல்.

மூடி கோலுக்குப் பின்னால் எந்த மூலைக்குப் போனாலும் மோகனப்ரியா பாய்ந்து எடுத்து மறுகோடிக்கு அடித்துவிடுவாள். மற்றவர்கள் மூச்சிரைக்கத் திரும்பி ஓடுவார்கள்.

அன்று எல்லோரிலும் சின்னவனான திம்மப்பன் ஷூவைக் கழற்றினான்.

"பேடப்பா, வேணாம்! எனக்கு ஒரு தடவகூட மூடி வர்ல. நான் கிரிக்கெட்டுக்குப் போறேன்."

இன்னும் இரண்டு பேர் அவன் பின்னாலேயே போனார்கள்.

"எல்லாத்தையும் நீயே எடுத்துட்டா, நாங்க எதுக்கு?" என்றான் அவளுடைய வகுப்புத் தோழன் இளம்பரிதி.

மோகனப்ரியாவுக்கு அழுகை முட்டியது. நன்றாக ஆடுவது ஒரு குற்றமா? எல்லோரும் போய்விட்டால் யாரோடு ஆடுவது?

வீட்டில் அப்பாவின் போனில் ஐஸ் ஹாக்கி பார்த்தாள். கோலுக்குப் பின்னால் பனித்தரையில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அது எதற்கு?

அடுத்த ஞாயிறு இளம்பரிதியிடம் ஓடினாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்! கம்பெனில தீயணைப்பு சிலிண்டர் முன்னாடி மஞ்சக் கட்டம் இருக்கும்ல? உள்ள எதையும் வைக்கக் கூடாது. அதே மாதிரிதான். கோல் கீப்பர் அந்தக் கட்டத்துக்குள்ள போகக் கூடாது!"

எல்லோருடைய அப்பாவும் கம்பெனிக்காரர். யார் மறுப்பார்கள்? சாக்பீஸால் கட்டம் போட்டார்கள். மோகனப்ரியா அதைச் சுற்றிக்கொண்டு எப்போதும்போல இரண்டு மூலைக்கும் பறந்தாள். ஆட்டம் துளிகூட மாறவில்லை.

"நல்லா கண்டுபிடிச்ச போ!" என்றான் இளம்பரிதி.

மாலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனில் மறுபடி பார்த்தாள். அட! அந்த கோல் கீப்பர் கட்டத்துக்குள் போய் வட்டைத் தொடுகிறார். வட்டு மூலைக்குப் போனால் மட்டும் விட்டுவிடுகிறார்.

"அய்யோ, தலைகீழால்ல புரிஞ்சுக்கிட்டேன்!"

ஆனால் நன்றாக எடுப்பவரை ஏன் தடுக்க வேண்டும்? மூலையெல்லாம் அவரே எடுத்துவிட்டால் மற்றவர்கள்... திம்மப்பன் ஷூவைக் கழற்றியது நினைவுக்கு வந்தது. அங்கேயும் தன்னைப்போல் யாரோ இருந்திருக்க வேண்டும்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுவாரம் இளம்பரிதியோடு திம்மப்பன் வீட்டுக்கே போய் நின்றாள்.

"வாடா, ஒரே ஒரு ஆட்டம். கோலுக்குப் பின்னாடி, கட்டத்துக்குள்ள மட்டுந்தான் இனி நான் மூடியத் தொடுவேன். ரெண்டு மூலையும் உங்களுக்கு."

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறியே!" என்று சிரித்தான் இளம்பரிதி.

ஆட்டம் தொடங்கியது. மூடி சறுக்கிக்கொண்டு மூலைக்குப் போனது. மோகனப்ரியாவின் கால் பரபரத்தது. மூன்றே எட்டில் எடுத்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டத்தின் கோட்டிலேயே நின்றாள்.

தட்டுத்தடுமாறி வந்த திம்மப்பன் மூடியை இளம்பரிதியிடம் தள்ளினான். அவள் திரும்புவதற்குள் கிரேட்டுக்குள் "டக்!"

"கோல்! நாந்தான் குடுத்தேன்! நாந்தான்!" திம்மப்பன் குதித்ததில் விழுந்து, விழுந்தபடியே கத்தினான்.

மோகனப்ரியாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. மூடியை எடுத்து நடுவில் வீசினாள்.

"ம், வாங்க! அடுத்ததை விட மாட்டேன்!"